அதே எடை, வேறு குண்டு

ஐம்பத்து மூன்று வயதில் ஆட்கள் யோகா தொடங்குவார்கள், அல்லது முழங்கால் வலி தொடங்கும். நான் ரைபிள் வாங்கினேன். நாங்கள் குடியேறிய இந்த நாட்டில், ஹில்ஸ்பரோவில் எங்கள் தெருவில் சனிக்கிழமை புல் வெட்டும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்காது. யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த குடும்பம், அதே சாமானை லைசென்ஸ் எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தது என்றால் யாருக்கும் சிரிப்பு வராது. என் மனைவிக்கும் வரவில்லை.

இதற்கெல்லாம் முழுக் காரணம் நகரத்தின் மறுபக்கம் ரானுயியில் இருக்கும் ஓர் எலக்ட்ரீஷியன். எங்கள் வீட்டு மின்னடுப்புக்கு வயர் மாற்ற வந்தவர். தமிழ்நாட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வேலையிடத்துக் கூட்டாளிகளோடு மலைக்குப் போய் மான் வேட்டை பழகியிருந்தார். அடுப்பைத் திருத்தி முடிந்தும் மான் கதை முடியவில்லை. அடுத்த வாரம் இரண்டு லீட்டர் ஐஸ்கிரீம் டப்பா நிறைய மான் இறைச்சி கொண்டுவந்து தந்தார். மனைவி எங்கள் ஊர்த் தூள் போட்டுக் குழம்பு வைத்தாள். அன்றைக்கு நான் மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். மனிதன் விழுந்துபோவதற்கு இவ்வளவும் போதும்.

லைசென்ஸ் கொடுக்குமுன் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து மனைவியையும் தனியே விசாரித்தார். அவர்கள் குசினியில், நான் முன்னறையில். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது பதுங்குகுழிக்குள் கழித்த நாட்களைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும், என் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். அவர் போனதும் கேட்டேன்.

“என்ன கேட்டவர்?”

“உங்களுக்குக் கோபம் வருமோ எண்டு கேட்டவர்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“ஓம், வரும். கத்திப்போட்டுத் தேத்தண்ணி கேப்பார், அவ்வளவுதான் எண்டு சொன்னனான்.” பிறகு சிரிக்காமல் சொன்னாள்: “இஞ்சேருங்கோ, உங்கட சந்தோசத்துக்கு ஓம் எண்டனான். இந்தச் சாமானால ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கக்கூடாது.”

அவள் அந்த ஓம் சொன்னதற்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்லிவைக்கிறேன்.

ரானுயிக்காரரின் ரைபிளும் என்னுடையதும் ஒரே அளவுத் தோட்டா போடுபவை. அவருடையது பழையது, என்னுடையது புதியது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் தோட்டாக்களைத் தானே செய்துகொள்வார். சுட்டுத் தள்ளிய பித்தளைக் கோதை எறியாமல் சுத்தம் செய்து, அதன் அடியில் நெருப்புப் பற்றும் சின்ன பிரைமரைப் புதிதாக வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, தலையில் ஒரு புதுக் குண்டைப் பொருத்தினால் மறுபடியும் தோட்டா. ரீலோடிங் என்பது இதுதான். இதைக் கண்டதும் எனக்குக் கை துறுதுறுத்தது. நான் மருந்துக்கடையில் முப்பது வருடமாக நிறுத்து, எண்ணி, லேபிள் ஒட்டிப் பிழைப்பவன். வெடிமருந்தை நிறுக்கும் அலகுக்கு கிரெய்ன் என்று பெயர். பழைய காலத்து மருந்தாளர்கள் பயன்படுத்திய அதே அலகு. எனக்காகவே யாரோ கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்றே நினைத்தேன்.

“எடுத்துக்கங்கண்ணே, எங்கிட்ட ரெண்டு இருக்கு” என்று குண்டைக் கோதில் அழுத்திப் பொருத்தும் தன் பழைய பிரஸ்ஸைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் ரானுயிக்காரர். “ஆனா ஒண்ணு. ரீலோடிங் புத்தகம் வாங்குங்க. முன்பக்கத்துல இருந்து படிங்க. இன்டர்நெட்ல எவனோ சொன்னான்னு எதையும் போடாதீங்க.”

புத்தகம் வாங்கினேன். முன்பக்கத்தில் இருந்து படிக்கவில்லை. முன்னுரை, எச்சரிக்கை எல்லாம் மற்றவர்களுக்கு என்று தாண்டிப்போகிற ஆள் நான். எந்தக் குண்டுக்கு எவ்வளவு வெடிமருந்து என்ற அட்டவணைக்கு நேரே போனேன்.

குண்டு வாங்கப் போன முதல் நாள் துப்பாக்கிக் கடையில் ஒரு பெண் இருந்தார். “எது நல்ல குண்டு?” என்று கேட்டேன். மருந்துக்கடையில் தினமும் என்னிடம் “எது நல்ல விட்டமின்?” என்று கேட்பவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரிப்பவன் நான்.

“எதுக்கு?” என்று திருப்பிக் கேட்டார் அவர். கடதாசியைச் சுடவா, மானைச் சுடவா? மான் என்றால் எவ்வளவு தூரத்தில்? இலக்குப் பலகைக்குச் செய்த குண்டு துளை போடுவதில் கெட்டி. மானில் பட்டால் சிலவேளை உள்ளே விரியாமல் ஊசிபோல் கடந்துபோய்விடும். மிருகம் காயத்தோடு ஓடிக் கிடந்து சாகும். வேட்டைக்குச் செய்த குண்டு உள்ளே போய்ப் பூவாக விரியும், மிருகம் நின்ற இடத்திலேயே விழும். ரைபிள் குழலுக்குள் இருக்கும் முறுக்கு எவ்வளவு என்று பார்த்து, அதற்கு ஏற்ற எடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகு, அதே குண்டுக்குப் புத்தகத்தில் தந்திருக்கும் ஆரம்ப அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற வேண்டும். உச்ச அளவு என்று போட்டிருப்பதைத் தாண்டவே கூடாது. இத்தனையையும் அந்தப் பெண் அரை மணி நேரம் நின்று சொன்னார். பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். அவர்களும் அலுத்துக்கொள்ளவில்லை, தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொன்னார்கள். கறுத்த ஆள் ஒருவன் துப்பாக்கிக் கடைக்குள் போனால் எப்படிப் பார்ப்பார்களோ என்று காருக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போனவன் நான். அந்த அரை மணி நேரத்துக்கு இன்னும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நூற்றைம்பது கிரெய்ன் எடையுள்ள வேட்டைக் குண்டு ஒன்றைக் காட்டினார். ஈயம் உள்ளே, மேலே தாமிரத் தோல். அதில்தான் தொடங்கினேன். நாலு மாதம் சொன்னபடி நடந்தேன். ஆரம்ப அளவில் ஐந்து தோட்டா, கொஞ்சம் ஏற்றி ஐந்து, இன்னும் கொஞ்சம் ஏற்றி ஐந்து. சுடும் மைதானத்துக்குப் போய்க் கடதாசியில் சுட்டு, துளைகளை அளந்து குறித்துவைத்தேன். உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே வந்தபோது ஐந்து துளையும் ஒரு புளியங்கொட்டைக்குள் அடங்கின. அந்தக் கடதாசியைக் கராஜ் சுவரில் ஒட்டினேன். மகளின் பட்டமளிப்புப் படத்தைவிட அதை நான் அதிகம் பார்க்கிறேன் என்று மனைவி குத்திக்காட்டினாள். உண்மைதான்.

மான்கள் கத்தும் இலையுதிர் காலம் நெருங்கும்போது வேட்டைக்காரர்கள் எல்லாரும் கடையை மொய்ப்பார்கள். நான் போனபோது என்னுடைய குண்டு முடிந்துவிட்டது. அதே பெண் வேறொரு பெட்டியை எடுத்துவைத்தார். அதுவும் நூற்றைம்பதுதான். ஈயமே இல்லாத முழுத் தாமிரம்.

“இது தாமிரம். புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்.

என் வாடிக்கையாளர்கள் என்னிடம் தலையாட்டுவதுபோலவே நானும் தலையாட்டினேன்.

என் தொழிலைக் கொஞ்சம் சொன்னால்தான் அடுத்து நான் செய்தது விளங்கும். இந்த நாட்டில் ஒரு மருந்தின் கம்பெனி அடிக்கடி மாறும். நேற்று வெள்ளையாக இருந்த குளிசை இன்றைக்கு மஞ்சள், நேற்று வட்டம், இன்றைக்கு நீளம். கிழவர்கள் வந்து சண்டை பிடிப்பார்கள். “மில்லிகிராம் அதேதான் ஐயா, நிறம் மட்டும்தான் வேறு” என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வேன். முப்பது வருடம் சொன்னால் அது வாயில் மட்டும் இருக்காது, மூளைக்குள்ளும் போய்க் குந்திவிடும். புதுக் குண்டு பழையதைவிடச் சற்று நீளமாக இருப்பதைக் கண்ணால் கண்டேன். எடை அதேதான், வடிவம் மட்டும்தான் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய அளவு மருந்தையே நிறுத்துப் போட்டு ஞாயிறு மத்தியானத்துக்குள் நாற்பது தோட்டா செய்து முடித்தேன். தராசில் ஒரு தப்பும் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

அன்றைக்குப் பின்னேரம் குசினி மேசையில் ரானுயிக்காரரின் ஐஸ்கிரீம் டப்பா கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. எங்கள் ஆட்கள் ஒரு பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். அதற்கு முன்னெல்லாம் மனைவி வடை போட்டு அனுப்பியிருக்கிறாள், மரத்தில் காய்த்த ஃபீஜோவாப் பழம் போட்டு அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் நாற்பதில் இருபதை ஒரு தோட்டாப் பெட்டியில் அடுக்கி, டப்பாவுக்குள் வைத்து, ரானுயிக்குக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அவர் வேட்டைக்குப் புறப்படுகிறார். பிரஸ் தந்த மனிதருக்கு அந்தப் பிரஸ்ஸில் செய்த தோட்டா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் ஒன்றை எடுத்து விரலுக்குள் உருட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். “அழகா இருக்குண்ணே” என்றார். பிறகு கராஜுக்குள் கொண்டுபோய்ப் பூட்டிவைத்தார். ரசித்துப் பார்க்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மிச்சம் இருபதோடு சுடும் மைதானத்துக்குப் போனேன். முதல் தோட்டா. சத்தம் வழக்கம்போலத்தான். ஆனால் கோதை வெளியே எடுக்க, குழலைப் பின்னால் பூட்டும் போல்ட்டைத் தூக்கக் கையை வைத்தால் அது அசையவில்லை. உள்ளங்கையால் இரண்டு தடவை அடித்துத்தான் திறந்தேன். வெளியே வந்த கோதின் அடியில் பிரைமர் சப்பளிந்து, பித்தளையில் பளபளவென்று ஒரு வட்ட அடையாளம் விழுந்திருந்தது. கண்காணிப்புக்கு நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் நடந்து வந்தார். கோதை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இரண்டாவதைச் சுடாதே. என்ன குண்டு?”

“நூற்றைம்பது.”

“எவ்வளவு என்று கேட்கவில்லை. என்ன என்று கேட்டேன்.”

எனக்கு அந்த இடத்திலேயே சுள்ளென்று கோபம் வந்தது. பெட்டியைக் காட்டினேன். அவர் என் கோபத்தைக் கண்டுகொள்ளாமல் என் பையில் மிச்சம் கிடந்த ஒரு பழைய குண்டையும் புதுக் குண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஈயம் பாரம், தாமிரம் அதைவிடப் பாரம் குறைந்தது. அதனால் அதே எடைக்குத் தாமிரக் குண்டு நீளமாகத்தான் இருக்கும். நீளம் கூடிய குண்டு கோதுக்குள் ஆழமாக இறங்கும், மருந்துக்கு இருக்கும் இடம் குறையும். போதாததற்கு அது வளைந்துகொடுக்காத உலோகம், குழலுக்குள் இறுகிப் போகும். இரண்டும் சேர்ந்தால் உள்ளே அழுத்தம் எகிறும். “அதனால்தான் புத்தகத்தில் இதற்குத் தனிப் பக்கம். அதிலும் கீழிருந்து தொடங்க வேண்டும்” என்றார். பைக்குள் இருந்து என் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அடுத்த பக்கத்திலேயே இருந்தது. உச்ச அளவு என்று அவர்கள் போட்டிருந்தது நான் போட்டதைவிடக் குறைவு.

“உன் ரைபிள் புதியது, கெட்டியானது. தப்பினாய். பழைய ரைபிள் என்றால் போல்ட் பின்னால் வந்து முகத்தில் அடித்திருக்கலாம்” என்றார் அவர்.

பழைய ரைபிள் என்ற சொல் காதில் விழுந்ததும் ஃபோனை எடுத்தேன்.

ரானுயிக்காரர் வெள்ளிக்கிழமையே போய்விட்டார். டௌப்போ ஏரிக்குத் தெற்கே எங்கேயோ காடு, எந்தப் பள்ளத்தாக்கு என்று கேட்டுவைக்கவில்லை. ஃபோன் நேரே வாய்ஸ்மெயிலுக்குப் போனது. கூடப் போன கூட்டாளியின் நம்பர் தெரியாது. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் லீவுக்குச் சென்னைக்குப் போயிருந்தார்கள். கார் பார்க்கில் நின்று ஏழு மெசேஜ் வைத்தேன். ஏழாவதில் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“அந்தப் பிள்ளை அதைச் சுட்டால் என்ன நடக்கும்?” என்று மட்டும் கேட்டாள்.

“ஒண்டும் நடக்காமலும் போகலாம். கண் போகலாம். அதுக்கு மேலயும்...”

அவள் சாமியறைக்குப் போய் விளக்கை ஏற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  அவள் சிறுவயதில் தெருவில் கிடந்த வெற்றுக் கோதுகளைத் தொட்டதற்கு அடி வாங்கியவள். அப்படிப்பட்டவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பயந்திருக்கிறேன். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை நீட்டியபோது பயந்தேன், மகள் பிறந்தபோது பயந்தேன். ஆனால் அவையெல்லாம் எனக்கு என்ன ஆகுமோ, என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம். என் கையால் இன்னொருவனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அதுவரை வந்ததில்லை. முப்பது வருடம் ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தும் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவளே சொன்னாள்: “ஃபோனைப் பாத்துக்கொண்டு இருந்து என்ன செய்யப் போறீங்கள்? அவற்ற வீட்டடியில போய் நில்லுங்கோ. வந்தால் உடன எனக்கு எடுங்கோ.”

வாட்டர்வியூ சாலைச் சுரங்கத்தைத் தாண்டி ரானுயிக்குப் போய் அவருடைய வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை காத்திருந்தேன். அந்த வழியாக வந்த ஒவ்வொரு வெள்ளை யூட் வண்டியும் அவருடையதாகத் தெரிந்தது. கடைசியில் வந்தது அவருடையதுதான். அவரே ஓட்டி வந்தார். இரண்டு கை, இரண்டு கண், எல்லாம் இருந்தன. காரைவிட்டு இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“என்னண்ணே, இங்க நிக்கிறீங்க? ஃபோன் ஆத்துல விழுந்துருச்சு...”

“தம்பி, நான் தந்த தோட்டா... சுட்டனீங்களோ?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “இல்லண்ணே. எடுத்துட்டே போகல. கராஜுல பூட்டித்தான் இருக்கு. அடுத்தவங்க செஞ்சத நான் சுட மாட்டேன். யார் செஞ்சாலும் சரி. புத்தகத்துல முதல் பக்கத்துலயே போட்டிருப்பான்.”

எனக்குள் வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? அழுகைதான் வந்தது. அது வந்த அடுத்த நொடியே, நம்ப மாட்டீர்கள், கோபமும் வந்தது. வெட்கம் கெட்ட பிறவி நான். “அப்ப ஏன் வாங்கினனீங்கள்? வேண்டாம் எண்டு முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாமே!” என்று கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நீங்க அவ்ளோ ஆசையா டப்பாவுல வச்சுக் கொண்டுவந்தீங்க. எப்படிண்ணே வேண்டாம்னு சொல்றது? பார்த்தப்பவே தெரிஞ்சுது, குண்டு மாறியிருக்குன்னு. அளவைக் குறைச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். கேட்டா, இவன் யாரு நமக்குச் சொல்றதுன்னு உங்களுக்குக் கோவம் வருமோன்னு... வந்து பேசிக்கலாம்னு விட்டுட்டேன்.” சட்டென்று நிமிர்ந்தார். “அண்ணே, உங்ககிட்ட மிச்சம் இருந்துச்சே. நீங்க சுட்டீங்களா?”

“ஒண்டு” என்றேன்.

அவர் மலையில் மூன்று நாள் அலைந்து சேறும் வியர்வையுமாக நின்ற மனிதர். விறுவிறென்று வந்து என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டார். இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்து, வெளிச்சம் விழும் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் வலது கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு இடது கண். மறுபடியும் வலது கண். நான் இரண்டு நாளாக அவருக்காகப் பட்ட பாடு முழுவதும் அவர் விரலில் அரை நிமிடம் ஓடி முடிந்தது. மரியாதைக்கு வாயை மூடியதால் என் கண் போயிருந்தால் என்ன செய்வது என்று அவர் அழுதார். மரியாதைக்கு இனிப்புக் கொடுப்பதுபோல வெடிமருந்து கொடுத்த நானும் அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

மனைவிக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன்.  “ரெண்டு பேரும் இஞ்ச வாங்கோ. சோறு போட்டிருக்கிறன்” என்றாள்.

“சாப்பாடு அப்புறம்” என்றார் ரானுயிக்காரர். “இனிமே வேண்டாம்னா வேண்டாம்னுதான் சொல்லுவேன்ணே. வருத்தப்படக் கூடாது.”

“சொல்லுங்கோ.”

உடனேயே தொடங்கிவிட்டார். முப்பத்தொன்பதையும் இப்போதே பிரிக்க வேண்டும் என்றார். என்னிடமிருந்த பத்தொன்பதையும் காரிலிருந்து கொண்டுவரச் சொன்னார். குண்டைக் கழற்றும் சுத்தியலில் ஒவ்வொரு தோட்டாவாக மாட்டித் தட்டினோம். நான் தட்டும் விதம் பிழை என்றார். மருந்தை நான் கொட்டும் விதமும் பிழை என்றார். கண்ணாடி போடாமல் மேசைக்குக் கிட்ட வரவேண்டாம் என்றார். தன் சட்டைப் பையில்தான் என் கண்ணாடி இருக்கிறது என்பது அவருக்கு ஞாபகமே இல்லை, நான்தான் கையை விட்டு எடுத்தேன்.

அதற்குப் பிறகு தாமிரக் குண்டுக்கு அதன் பக்கத்தைத் திறந்து, கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறினேன். புத்தகத்தையும் முன்பக்கத்திலிருந்து படித்து முடித்தேன். ரானுயிக்காரர் இந்த இரண்டு வருடத்தில் எனக்கு வேண்டாம் என்று சொன்னவை ஏராளம். இந்தக் குண்டு வேண்டாம், அந்த ஆளோடு மலைக்குப் போக வேண்டாம், இன்றைக்குக் களைப்பாக இருக்கிறீர்கள், மருந்து நிறுக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. அப்போது வலது கண்ணை மூடி இடது கண்ணால் அவரைப் பார்ப்பேன், பிறகு இடதை மூடி வலதால் பார்ப்பேன். இரண்டிலும் அவர் தெரிகிறார்.